பினாங்கு அடுக்குப் பிஸ்கோத்தின் பூர்விகம்

பினாங்குத் தீவுக்குச் சென்று ஊர் திரும்புவோர் கையில் இரண்டு பொருள்கள் பெரும்பாலும் இருக்கும். ஒன்று சாதிக்காய், ஊறலாகவோ எண்ணெயாகவோ வற்றலாகவோ அது வரும். மற்றொன்று காகிதப் பெட்டியில் நெருக்கமாக அடுக்கப்பட்ட சிறு உருண்டைப் பிஸ்கோத்து. மேலே முட்டை பூசிச் சிவந்த தோல். கடித்தால் வெங்காயத் தோல்போல் ஏடு ஏடாக உதிரும் மாவு. உள்ளே இனிப்பும் உப்பும் கலந்த பாசிப்பருப்புப் பூரணம். இரண்டே வாயில் தீர்ந்துவிடும் இப்பண்டத்தைச் சீனர் ‘தாவ்சா பியா’ என்பர். மலாய்க்காரர் ‘தம்புன் பிஸ்கோத்து’ என்பர். பினாங்கின் தனிச் சொத்தென இதனைப் பினாங்கு மக்கள் பெருமையோடு கூறுவது வழக்கம். அப்பெருமை எவ்வளவு தூரம் உண்மை, எவ்விடத்தில் அது பிறருடைய பங்கை மறைக்கிறது என்பது ஆராயத்தக்கது. ஏனெனில் இதே பண்டத்தின் உடன்பிறப்புகளைத் தைவான் தீவு தன் சொத்து என்கிறது. சாவகமும் பிலிப்பைனும் தத்தமக்குரியவை என ஒவ்வொன்றைக் காட்டுகின்றன. பெட்டிக்குள்ளிருக்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் தமிழர் காட்டக்கூடிய தொடர்பும் சிறிதன்று.

முதலில் பெயரை நோக்குதல் நலம். ‘தாவ்சா பியா’ என்பது ஹொக்கியன் மொழிச் சொற்றொடர். ‘தாவ்’ என்பது பயறு. ‘சா’ என்பது மணல். ‘பியா’ என்பது மாவினால் தட்டிச் சுட்ட பண்டம். வெந்து மசிந்த பருப்பு நாவில் மணல்போல் நறநறப்பதைக் கண்டு ‘பயற்று மணல்’ என்றனர் போலும். இறுதிச் சொல்லை ஹொக்கியர் மூக்கொலியோடு உச்சரிப்பர். அதனைக் காட்டுவதற்காகவே பினாங்குக் கடைக்காரர் ஆங்கில எழுத்தில் எழுதும்போது பகரத்தை அடுத்து ஒரு னகரத்தைச் செருகிவிடுகின்றனர். புதிதாக வந்தவர் அதனைப் படிக்கத் திண்டாடுவதைக் காணலாம். மலாய்ப் பெயரிலுள்ள ‘தம்புன்’ என்னும் சொல்லுக்குக் கொழுத்து உருண்டது என்று பொருள். தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள புக்கிட் தம்புன் என்னும் ஊரோடு அதனை இணைத்துக் கூறுவாரும் உளர். பண்டத்தின் வடிவத்தைக் காண்போருக்கு முதற் பொருளே ஏற்புடையதாகத் தோன்றும்.

இதன் சிறப்பெல்லாம் மாவை மடிக்கும் முறையில் அடங்கியிருக்கிறது. மாவு ஒன்றன்று, இரண்டு. கோதுமை மாவில் நீரும் கொழுப்பும் விட்டுப் பிசைந்தது முதல் மாவு; இது இழுத்தால் இழுபடும். நீரே சேராமல் மாவையும் கொழுப்பையும் மட்டும் பிசைந்தது இரண்டாவது. இது பொலபொலவென்றிருக்கும், இழுபடாது. முதல் மாவைச் சிறு தட்டாகத் தட்டி அதனுள் இரண்டாவது மாவை வைத்து மூடுவர். பின்னர் உருட்டுக்கட்டையால் நீளத் தேய்த்துப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டுவர். சுருளைத் திருப்பி வைத்து மீண்டும் தேய்த்து மீண்டும் சுருட்டுவர். இப்போது நீர் மாவு ஓர் ஏடு, கொழுப்பு மாவு ஓர் ஏடு என மாறி மாறி மெல்லிய அடுக்குகள் பல உண்டாகிவிடுகின்றன. இதனைத் தட்டிப் பூரணம் வைத்து உருட்டி அடுப்பில் இட்டால், நீர் மாவிலுள்ள ஈரம் ஆவியாகி ஏடுகளை மேலெழுப்புகிறது. இடையிலுள்ள கொழுப்பு அவை மீண்டும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கிறது. தேய்க்கும்போது கை சற்று அழுந்தினாலும் ஏடு கிழிந்து இரண்டு மாவும் கலந்துவிடும். கலந்தால் அது வெறும் பிஸ்கோத்துதான். மாவு காயாமலிருக்க ஈரத்துணி போட்டு மூடுவதும், வெப்பமான நாட்டில் கொழுப்பு உருகி வழியாதபடி விரைந்து வேலையை முடிப்பதும் கைப்பழக்கத்தால் மட்டுமே வருவன.

பூரணமும் எளிதன்று. தோல் நீக்கிய பாசிப்பருப்பை ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, மசித்து, சர்க்கரையும் சிறிது உப்பும் சேர்த்து, பொரித்த சின்ன வெங்காயத்தோடு வாணலியில் நீர் வற்றுமளவும் கிளறவேண்டும். இனிப்புப் பண்டத்தில் வெங்காயமா என்று தமிழர் முதலில் வியப்பர். ஆனால் பாசிப்பருப்பைப் பூரணமாக்கி மாவுக்குள் அடைப்பது அவர்களுக்குப் புதிதன்று. சுழியத்தையும், குமரி மாவட்டத்து முந்திரிக்கொத்தையும், யாழ்ப்பாணத்துப் பயற்றம் பணியாரத்தையும் அறிந்தவர் இதன் சுவையை உடனே உணர்வர். மாவை ஏடு ஏடாக்கும் உத்தியும் அவ்வாறே. பினாங்கில் தமிழ் முசுலிம் கடைகளில் வீசித் தட்டும் ரொட்டி, எண்ணெய் தடவி மடித்துச் சுருட்டும் அதே முறையால்தான் அடுக்குப் பெறுகிறது. ஒன்று கல்லில் வேகிறது, மற்றது அடுப்பறையில் வேகிறது, வேறுபாடு அவ்வளவே. இவ்விரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை என்று இதனைக்கொண்டு முடிவு கட்டிவிடலாகாது. மாவும் கொழுப்பும் உள்ள நாடுகள் பலவற்றில் இவ்வுத்தி காணப்படுகிறது.

ஆயின் தைவான் பண்டங்களுக்கும் பினாங்குப் பண்டத்துக்கும் உள்ள ஒற்றுமை வேறு வகையானது. அதற்குச் சான்று மக்கள் குடிபெயர்ந்த வரலாறேயாகும்.

சீனத்தின் தென்கிழக்கே புக்கியன் மாகாணத்தில் சாங்சௌ, சுவான்சௌ என்னும் இரண்டு பகுதிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. மலை மிகுந்து விளைநிலம் குறைந்த நாடாதலால் அங்குள்ளோர் கடலை நம்பி வாழ்ந்தனர். 1662-ஆம் ஆண்டில் செங் செங்குங் என்னும் தளபதி தைவானிலிருந்து ஒல்லாந்தரை வெளியேற்றிய பின் இவ்விரு பகுதியினரும் அத்தீவில் பெருவாரியாகக் குடியேறினர். பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றியது 1786 ஆகஸ்டு 11-ஆம் நாள். சாங்சௌவைச் சேர்ந்த வூ ஷா என்பவர் தம் ஊராரைத் திரட்டிக்கொண்டு தைவானின் வடகிழக்கிலுள்ள ஈலான் சமவெளியில் குடியேறியது 1796-இல். பத்தே ஆண்டு இடைவெளியில் ஒரே பகுதி மக்கள் இரண்டு புதிய மண்ணை நாடினர். ஒரு கூட்டம் கிழக்கே சென்றது, மற்றொன்று தெற்கே வந்தது. பினாங்கு ஹொக்கியன் பேச்சு இன்றளவும் சாங்சௌ வழக்கைத் தழுவியதாகவே இருக்கிறது. பினாங்கின் முதல் சீனக் கப்பித்தானான கோ லே ஹுவான் அப்பகுதியிலிருந்து வந்தவரே. கூ குலத்தார் 1906-இல் புதுப்பித்துக் கட்டிய குலமாளிகையை இன்று உலகம் வந்து பார்க்கிறது; அவர்களின் பூர்விகக் கிராமமும் பழைய சாங்சௌ எல்லைக்குட்பட்டதே.

எனவே ஈலானில் விற்கும் பண்டமும் பினாங்கில் விற்கும் பண்டமும் ஒன்றையொன்று பார்த்துச் செய்தவையல்ல. ஒரே தாய் வீட்டிலிருந்து இரண்டு வீடுகளுக்குப் பிரிந்து சென்றவை. ஈலானின் புகழ்பெற்ற பண்டம் ‘மாட்டு நாக்குப் பியா’ என்பது. நாக்குப்போல் நீண்டு, அப்பளம்போல் மெலிந்து, கடித்தால் முறியும். மேற்குக் கரையில் சுவான்சௌ மக்கள் மிகுந்த லூகாங் நகரிலும் இதே பெயரில் ஒரு பண்டம் உண்டு. ஆனால் அது தடித்தது, மென்மையானது, உள்ளே இனிப்பு அடைத்தது. பெயர் ஒன்று, பண்டம் இரண்டு. ஊர் வழக்கு பண்டத்தின் உருவில் எவ்வளவு ஆழமாகப் பதிந்துவிடுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தைவானின் நடுவே தாய்ச்சுங் நகரம் இருக்கிறது. அந்நகரின் அடையாளமாக இன்று விளங்குவது ‘சூரியப் பியா’. ஏடு ஏடான மாவுக்குள் முளைத்த தானியத்தைக்கொண்டு காய்ச்சிய மாற்பாகை அடைத்துத் தட்டையாகச் சுடுவது அது. அப்பகுதியில் ஷெங்காங்கைச் சேர்ந்த லின் குடும்பத்தார் செய்துவந்த மாற்பாகுப் பியாவே அதன் மூலம் என்பர். வேய் சிங்ஹாய் என்னும் சமையற்கலைஞர் அதனைச் சீர்படுத்தினார். லின் ஷாவ்சுங் என்பவரின் ‘சூரிய மண்டபம்’ என்னும் கடை அதற்குப் பெயரும் புகழும் தேடித் தந்தது. ஜப்பானியர் ஆட்சியில் 1908-இல் தைவானின் தென்வட இரயில் பாதை முற்றுப்பெற்றபோது அதன் திறப்பு விழா தாய்ச்சுங்கில்தான் நடந்தது. நெடும்பாதையின் நடுவிலமைந்த நகரில், கெடாமல் சில நாள் நிற்கும் பண்டம் வழிப்பயணிகளின் கையுறையாவது இயல்பே. கடைக்காரர் பெயரைப் பதிவு செய்து தமக்கென்று வைத்துக்கொள்ளாமையால், அந்நகரில் ‘சூரிய மண்டபம்’ எனப் பெயர் தாங்கிய கடைகள் பல்கிவிட்டன. மூலக்கடைச் சுவரில் ஓவியர் யென் சுய்லுங் 1965-இல் கண்ணாடிச் சில்லுகளால் சூரியகாந்திப் பூக்களைப் பதித்தார். சூரியகாந்தி பொதுவுடைமைச் சீனத்தின் சின்னம் என்ற ஐயம் எழுந்து, இராணுவச் சட்டக் காலத்தில் அவ்வோவியம் பலகையிட்டு மறைக்கப்பட்டது. ஒரு பலகாரக் கடைச் சுவரையும் அரசியல் விட்டுவைக்கவில்லை. அக்கடை 2012-இல் மூடப்பட்டது.

இந்தச் சூரியப் பியாவுக்கு நேர் உறவு பினாங்கில் தாவ்சா பியா அன்று. ‘பே தே சோ’ என்பதேயாகும். குதிரைக் குளம்பு மொறுமொறுப்பு என்பது அதன் பொருள். இதிலும் மாற்பாகே பூரணம். மேலே எள் தூவியிருக்கும். அமோய் நகரை அடுத்த தோங்ஆன் என்னும் ஊர் இப்பெயருள்ள பண்டத்துக்குப் புகழ்பெற்றது. ஈப்போவை அடுத்த குனோங் ராப்பாட்டில் செய்யும் ‘ஹியோங் பெங்’ என்பதும் இவ்வினத்ததே. அங்கே தந்தூர் அடுப்பின் உட்சுவரில் ரொட்டியை ஒட்டுவதுபோல், தேங்காய் மட்டை எரிந்து சூடேறிய மண்ணடுப்பின் சுவரில் பியாவை ஒட்டிச் சுடும் பழைய முறை நெடுநாள் நிலவியது.

இவ்வுறவுகளுள் மிகவும் சுவையானது பிள்ளைப்பேற்றோடு தொடர்புடையது. ‘போங் பியா’ என்றொரு வகை உண்டு. உப்பிய பியா என்பது பொருள். சுடும்போது பூரி போல் உப்பி உள்ளே கூடாகிவிடும். அடியில் மட்டும் இனிப்பு ஒட்டியிருக்கும். தைவானின் பழைய தலைநகரமான தாய்னானில், பிள்ளை பெற்ற தாய்க்கு இதனைத் தரும் வழக்கம் உண்டு. மேற்புறத்தை உடைத்து முட்டையை ஊற்றி நல்லெண்ணெயில் பொரித்துக் கொடுப்பர். ஈலானிலும் பிற இடங்களிலும் குழந்தைக்கு நான்கு மாதம் நிரம்பியதும் நடுவில் துளையிட்ட பியாக்களைச் செந்நூலில் கோத்து அதன் கழுத்தில் மாலையாக இடுவர். உறவினர் ஒருவர் ஒருவராக ஒரு பியாவை எடுத்துக் குழந்தையின் வாயைத் துடைத்து, வாய்நீர் வடியாதிருக்க வாழ்த்துவர். பலகாரம் உண்பதற்கு மட்டுமன்று; சடங்குக்கும் உரியது என்பது இதனால் விளங்கும். மணம் பேசி முடித்ததும் பெண் வீட்டார் உறவினருக்குப் பியா வழங்கித் திருமணச் செய்தியை அறிவிப்பதும் அத்தீவில் உண்டு. தமிழ்நாட்டுச் சீர்ப் பலகாரம் செய்யும் வேலையை அங்கே அது செய்கிறது.

இப்பின்னணியோடு பினாங்கை நோக்கினால் ஒரு புதிர் அவிழும். பினாங்கின் மிகப் பழைய பியாக் கடையான ‘கீ ஹியாங்’ 1856-இல் தொடங்கியது. தாவ்சா பியாவுக்கு எவ்வளவு பெயரோ அவ்வளவு பெயர் அதன் நல்லெண்ணெய்க்கும் உண்டு. அவ்வெண்ணெய்ப் புட்டியின் மேல் இருப்பது ஒரு குழந்தையின் படம். பலகாரக் கடைக்கும் எண்ணெய்க்கும் என்ன தொடர்பு, எண்ணெய்க்கும் குழந்தைக்கும் என்ன தொடர்பு என்று வாங்குவோர் நினைத்துப் பார்ப்பதில்லை. பிள்ளை பெற்ற சீனத் தாய்க்கு ஒரு திங்கள் வரை இஞ்சியும் நல்லெண்ணெயும் விட்டுச் சமைத்த கோழியே உணவு. அவ்வில்லங்களில் பியாவும் எண்ணெயும் குழந்தையும் ஒரே பந்தியில் கூடுவன. பேறுகால மருந்தில் நல்லெண்ணெய் ஊற்றிக் கிண்டும் தமிழ்ப் பாட்டிமாருக்கு இதனை விளக்க வேண்டுவதேயில்லை.

இனிப் பெட்டிக்குள் இருக்கும் பொருள்களின் பூர்விகம். பாசிப்பயறு இந்தியாவில் பயிராகத் தோன்றிப் பிற நாடுகளுக்குப் பரவியது என்பது தாவர நூலார் முடிவு. தென்னிந்தியப் புதிய கற்கால ஊர்களில், ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அடுக்குகளில், கொள்ளோடு பாசிப்பயறும் கருகிய மணிகளாகக் கிடைத்துள்ளது. எள்ளும் இந்திய நிலத்தில் பயிரானதே. கரும்பிலிருந்து நல்ல சர்க்கரை எடுக்கும் முறையை அறிந்துவரத் தாங் மரபுப் பேரரசர் தாய்சுங் 647-ஆம் ஆண்டில் மகதத்துக்கு ஆள் அனுப்பினார் என்று சீன வரலாறு குறிக்கிறது. அங்ஙனம் கற்றுச் சென்ற தொழிலைச் சீனர் வளர்த்த வண்ணமும் வியப்புக்குரியது. தமிழர் தம் வெள்ளைச் சர்க்கரைக்கு வைத்த பெயரே ‘சீனி’. கொடுத்தவர் வாங்கியவரின் பெயரால் பொருளை அழைக்கும் நிலை ஏற்பட்டது. ஆகவே பருப்பும் எள்ளும் சர்க்கரை நுட்பமும் மேற்கிலிருந்து சீனத்துக்குச் சென்று, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் பியாவாக உருமாறித் தெற்கே வந்தன எனலாம். கோதுமை மட்டும் மலாயாவில் விளையாத பொருள். அது எந்நாளும் கப்பலில்தான் வந்தது.

சர்க்கரையைப் பற்றி இன்னும் சிறிது கூறவேண்டும். பினாங்கின் எதிர்க்கரையான வெல்லெஸ்லி மாகாணம் 1800-இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அங்கே பத்து காவான் பக்கத்தில் முதலில் கரும்பு பயிரிட்டவர் தியோச்சூ சீனர். 1840-களில் ஐரோப்பியத் துரைமார் பெருந்தோட்டங்களைத் திறந்தனர். அவர்களுள் எட்வர்டு ஹோர்ஸ்மன் பெயர் பெற்றவர். கரும்பு வெட்டவும் ஆலையில் பாகு காய்ச்சவும் ஆட்கள் வேண்டியிருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தமிழர் ஒப்பந்தக் கூலிகளாக அத்தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மலாயாவின் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் வரலாறு இரப்பர் மரத்தடியில் தொடங்கியது என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. இரப்பருக்கு அரை நூற்றாண்டு முன்பே வெல்லெஸ்லிக் கரும்புத் தோட்டத்தில் அது தொடங்கிவிட்டது. கப்பற் கட்டணத்தையும் முன்பணத்தையும் கடனாக ஏற்று, அக்கடன் தீருமளவும் தோட்டத்தை விட்டு நீங்க முடியாமல் உழைத்தவர் அவர்கள். நோயில் மாண்டவர் பலர். அவ்வொப்பந்த முறை 1910-இல்தான் ஒழிந்தது. அதற்குள் கரும்பே மலாயாவை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. இரப்பர் அவ்விடத்தைப் பிடித்துவிட்டது.

கீ ஹியாங் தொடங்கிய 1856-இல் எதிர்க்கரை ஆலைகளில் புகை எழுந்துகொண்டிருந்தது. அச்சர்க்கரையின் பெரும்பகுதி ஏற்றுமதிக்கு உரியது. ஆயினும் ஒரு கால் மணி நேரக் கடலுக்கு அப்பால் கரும்பு மலிந்திருந்த காலத்தில்தான் இந்நகரில் இனிப்புத் தொழில் வேரூன்றியது என்பதை மறத்தற்கில்லை. சிங்கப்பூரிலும் இதற்கு இணையான ஒரு நிகழ்ச்சி உண்டு. அங்கே தாவ்சா பியாவுக்குப் பெயர்போன தெரு பாலஸ்தியர் சாலை. ஜோசப் பாலஸ்தியர் என்பவர் அமெரிக்கத் தூதராக இருந்துகொண்டே அவ்விடத்தில் கரும்பு பயிரிட்டு நட்டமடைந்தவர். கரும்புத் தோட்டம் அழிந்து, அவர் பெயர் சாலைக்கு நின்று, அச்சாலையில் பின்னாளில் பியாக் கடைகள் வந்து சேர்ந்தன. தற்செயல்தான்; ஆனால் நினைவில் நிற்கும் தற்செயல்.

பினாங்கில் சீனரும் தமிழரும் அண்டை வீட்டார். தீவு திறந்த முதலாண்டிலேயே சூலியரும் சீனரும் கிறித்தவரும் விரைந்து பெருகுவதாக லைட் கடிதம் எழுதினார். 1800-ஐ ஒட்டிச் சீனர் எழுப்பிய கருணைத் தேவி கோயிலும், கப்பித்தான் காதர் முகைதீன் 1801-இல் நிறுவிய பள்ளிவாசலும் ஒரே தெருவில் இருக்கின்றன. 1833-இல் அமைந்த மகாமாரியம்மன் கோயில் அடுத்த தெருவில் இருக்கிறது. இருந்தும், பியா நெடுங்காலம் தமிழர் வீட்டுக்குள் நுழையாமலிருந்ததற்குக் காரணம் வெளிப்படை. பழைய முறையில் இரண்டு மாவிலும் சேரும் கொழுப்பு பன்றிக் கொழுப்பு. பூரணத்து வெங்காயத்தைப் பொரித்ததும் அதிலேயே. முசுலிம்களுக்கும் சைவ உணவினர்க்கும் அது ஆகாது. வெங்காயம் விலக்கிய பௌத்த நோன்பிகளும் அதனைத் தொடார். அக்காலத்தில் தமிழ் முசுலிம்கள் தமக்கெனச் சுட்ட ரொட்டி வேறு இருந்தது. ‘ரொட்டி பெங்காலி’ என வழங்கும் அதன் பெயர் வங்காளத்தைக் குறிப்பதன்று. கூட்டாகப் பணம் போட்டுத் தொழில் நடத்திய ‘பங்காளி’களைக் குறித்த தமிழ்ச் சொல்லே திரிந்தது என்பர்.

பின்னாளில் கடைக்காரர் பலர் பன்றிக் கொழுப்பை விட்டுத் தாவர எண்ணெய்க்கு மாறினர். இம்மாற்றம் சுவையைக் கெடுத்துவிட்டது என்று முதியோர் குறைகூறுவதுண்டு. ஏடுகளை மெல்லியதாக நிறுத்துவதில் பன்றிக் கொழுப்புக்குள்ள ஆற்றலை எண்ணெய் முழுதும் பெறாது என்பது தொழில் அறிந்தோர் ஒப்புவதே. எனினும் அம்மாற்றத்தினால்தான் பியா ஒரு குலத்தாரின் பலகாரமாக இருந்த நிலை மாறி ஒரு நகரத்தின் பலகாரமாயிற்று. சாவகத்தில் இது இன்னும் தெளிவாக நிகழ்ந்தது. ஜோக்ஜகர்த்தாவின் ‘பக்பியா’ என்னும் பெயரிலுள்ள ‘பக்’ இறைச்சியைக் குறிக்கும் ஹொக்கியச் சொல். இறைச்சி போய்ப் பாசிப்பருப்பு வந்து, முசுலிம் பெருமக்களே அதனைச் செய்து விற்கும் காலமாகியும் பெயரில் மட்டும் இறைச்சி நிற்கிறது. பிலிப்பைனில் அது ‘ஹோபியா’. நல்ல பியா என்பது பொருள். சயாமில் ‘கனோம் பியா’. வியட்நாமின் சொக் திராங்கில் ‘பன் பியா’. ஹொக்கியரும் தியோச்சூக்களும் இறங்கிய துறைமுகங்களின் வரைபடம் எழுத விரும்புவோர், ‘பியா’ என்ற ஒலி கேட்கும் ஊர்களைக் குறித்தாலே வேலை பெரும்பாலும் முடிந்துவிடும்.

1941 டிசம்பர் 11-இல் ஜப்பானியர் ஜார்ஜ் டவுன் மீது குண்டு வீசினர். சில நாட்களில் தீவு அவர்கள் வசமாயிற்று. கப்பல் நின்றது; கோதுமை மாவு அரிதாயிற்று; மரவள்ளிக் கிழங்கே மக்களின் வயிற்றை நிரப்பியது. வெளிநாட்டு மாவையே நம்பிய தொழில் அந்த மூன்றரை ஆண்டுகளில் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. போர் முடிந்த பின் 1948-இல் பர்மா சாலையில் ‘ஹிம் ஹியாங்’ தோன்றியது. இரு கடைப் பெயரிலும் வரும் ‘ஹியாங்’ நறுமணம் என்று பொருள்படும். எந்தக் கடைப் பியா சிறந்தது என்பதில் பினாங்குக் குடும்பங்களுக்குள் இன்றும் கட்சி உண்டு.

1969-இல் பினாங்கு தீர்வையற்ற துறைமுகம் என்னும் நிலையை இழந்தது. வாணிகம் தளர்ந்தது, வேலையின்மை பெருகியது. 1970-களில் பாயான் லெப்பாஸ் ஆலைகளும் சுற்றுலாவும் நகரைத் தாங்கின. 1985-இல் பாலம் திறந்த பின் தீபகற்பத்தாரின் வண்டிகள் நேரே தீவுக்குள் வந்தன. பயணிக்குக் கையுறை வேண்டும். கையுறை கெடாததாய், எடையற்றதாய், ஊர்ப்பெயர் பொறித்ததாய் இருக்கவேண்டும். தாய்ச்சுங்கில் இரயில் செய்ததைப் பினாங்கில் பாலமும் விமான நிலையமும் செய்தன. பழைய சடங்குப் பலகாரம் கடைப்பொருளாகிப் பெரு வளம் பெற்றது. அதே சமயத்தில் அதனைச் சுமந்த தெருக்கள் தளர்ந்தன. 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது, ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் குறைந்த வாடகையில் தொழில் நடத்திய கைவினைஞர் பலர் வெளியேற நேர்ந்தது. தட்டாரும் பாய் முடைவோரும் பெட்டி செய்வோரும் கலைந்தனர். எட்டு ஆண்டுகள் கழித்து, 2008 ஜூலை 7-ஆம் நாள், மலாக்காவோடு ஜார்ஜ் டவுனும் உலக மரபுச் சின்னமாக யுனெஸ்கோவால் அறிவிக்கப்பட்டது. கட்டடங்களுக்குப் பாதுகாப்பு வந்தது; அவற்றுள் வாழ்ந்த தொழில்களுள் பல அதற்கு முன்பே போய்விட்டன.

பியாத் தொழில் போகவில்லை. அதற்குத் தேவை இருந்தது, பணமும் வந்தது. அதன் இக்கட்டு வேறு. பருப்பு மசிக்கவும் மாவு பிசையவும் பொறி வந்துவிட்டது. ஏடு மடிக்கவும் பூரணம் பொதியவும் பொறிகள் உள. பொறி மடித்த ஏடு ஒழுங்காக இருக்கும்; கை மடித்த ஏடு அங்கொன்று தடித்து இங்கொன்று மெலிந்து இருக்கும். வாங்குவோரில் பலருக்கு இவ்வேறுபாடு தெரிவதில்லை. தெரிந்த சிலர் மட்டும் பெட்டியை வாங்கியதும் திறந்து, இளஞ்சூடாக இருக்கும் ஒன்றை எடுத்து, நகத்தால் மேல் ஏட்டை மெல்ல உரித்துப் பார்க்கின்றனர். கிழியாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஏடு பிரிந்து வந்தால், உள்ளே பட்டறையில் பழைய கை ஒன்று இன்னும் வேலை செய்கிறது என்று அறிந்து மற்றொரு பெட்டியும் வாங்கிச் செல்கின்றனர்.